பீலியைக் கழற்றிவிடு

கல்லடி,
14.07.2024

அன்புள்ள ரதீஸ் அண்ணாவுக்கு,

நீங்கள் அங்கே எந்தக் குறையுமில்லாமல் இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் நோவைத் தவிர எல்லோரும் சுகம். உங்கள் மருமகள் தக்ஷாயினி ஏழாம் ஆண்டு படிக்கிறாள். இப்போதே என் தோளுக்கு வந்துவிட்டாள்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். என்ன செய்ய? என் நம்பரையும் இவருடைய நம்பரையும் நீங்கள் தடுத்துவைத்து எட்டு மாதமாகிறது. அம்மாவுக்குப் போனில் பேசினால் காதில் விழாது. அவவின் பழைய கொப்பியில்தான் உங்கள் விலாசம் கிடைத்தது.

விஷயம் இதுதான். பின்பக்கத்து மூலை அறையில், ஜன்னலுக்குக் கீழே, சுவர் வெடித்திருக்கிறது. போன மாரியில் நூல் மாதிரி இருந்தது. இப்போது என் சின்ன விரல் நுழைகிறது. தரையும் அந்தப் பக்கம் இறங்குகிறது. மேசையிலிருந்து விழுகிற பென்சில் நேரே மூலைக்கு உருண்டு போகிறது. தக்ஷாயினி படிப்பதும் படுப்பதும் அந்த அறையில்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இவர், "கடற்கரை மண்ணு, அப்பிடித்தான் கொஞ்சம் இறங்கும்" என்கிறார். அம்மாவிடம் கேட்டால் ஒரே பதில்தான். "கட்டினவனக் கேளு புள்ள. அவனுக்குத்தான் தெரியும்."

அதனால் கேட்கிறேன். என்ன செய்யலாமென்று எழுதுங்கள். வெயிலில் கவனம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சி தனுஷா


தோஹா,
05.08.2024

அன்புத் தங்கச்சி தனுஷாவுக்கு,

உன் கையெழுத்தைக் கண்டு நிறைந்த சந்தோஷம். நான் நலம். அம்மாவின் காலுக்குச் சூடாக நல்லெண்ணெய் பூசிவிடு. மச்சானுக்கு என் அன்பை மறக்காமல் சொல்.

சுவர் வெடிப்புக்கெல்லாம் பயப்படாதே. வீடென்றால் வெடிக்கத்தான் செய்யும். நல்ல சிமெந்தாகக் குழைத்து வெடிப்பை அடைத்துவிடு. அதற்கு மேலே பெயின்ற் பூசினால் வெடித்த இடமே தெரியாது. மச்சானுக்குப் பிடித்த நிறத்தில் பூசுங்கள்.

முற்றத்தில் மச்சான் பதித்த கற்கள் எப்படி இருக்கின்றன? அவற்றில் ஒன்றைக்கூட அசைக்க வேண்டாம். முற்றத்துக்கு அவைதான் அழகு.

வேறென்ன? மழையே பெய்யாத ஊரில் மழைக்குழாய் பார்க்கிற வேலை எனக்கு. நன்றாகப் போகிறது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புள்ள,
அண்ணா ரதீஸ்


தோஹா,
06.08.2024

நளீர் நானாவுக்கு ரதீஸ் எழுதுவது.

காத்தான்குடியில் நீங்களும் பிள்ளைகளும் ஆண்டவன் காவலில் இருப்பீர்கள். லீவில் வரும் அக்ரமின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாட்ஸப்பில் குரல் போட்டால் பத்துப் போனுக்குப் போய்ச் சேரும். கடிதமென்றால் வாசித்துவிட்டு அடுப்பில் போடலாம்.

தங்கச்சி எழுதியிருக்கிறாள் நானா. வீட்டின் பின்மூலை இறங்குகிறதாம். அதை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்? இரண்டு தரம் வாசித்தேன். பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

என்ன நடக்கிறதென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கூரையின் மழையெல்லாம் கூரையோரத்தில் பூட்டிய பீலி வழியாக வந்து அந்த மூலையில்தான் இறங்குகிறது. அங்கிருந்து நிலத்துக்குள்ளால் குழாய். குழாய் முற்றத்துக் குழிக்குப் போகிறது. மண்ணும் சருகும் குழியில் தங்கிவிட, தண்ணீர் மட்டும் வெளியே ஒழுங்கையோரத்துக் கானில் ஓடிவிடும். மாரிக்கு முன்னால் வருஷத்துக்கு ஒருதரம் பீலியில் கிடக்கிற வேப்பஞ்சருகை அள்ளி, குழியைத் திறந்து மண் எடுத்தால் அந்த வீட்டுக்கு ஒரு குறையும் வராது. அப்பாவும் நீங்களும் பத்து வருஷம் அதைச் செய்தீர்கள். தங்கச்சி குடும்பம் அப்போது வவுனியாவில். அவர்களுக்கு இது தெரியாது.

போன வருஷம் மச்சான் சுதாகரனுக்கு மாற்றம் கிடைத்து வந்து குடியேறினார்கள். ஐப்பசியில் அப்பா போனார். முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு வரும் சனத்தின் காலில் சேறு படக்கூடாதென்று மச்சான் முற்றம் முழுக்கக் கல் பதித்தார். குழியின் மூடி அந்தக் கல்லுக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு மாரி பெய்திருக்கிறது. குழி நிறைந்து குழாய் அடைத்திருக்கும். போக வழியில்லாத தண்ணீர் பீலியால் வழிந்து சுவரடியில் விழும். கல்லடி மண் வெறும் மணல். அத்திவாரத்துக்குக் கீழே இருந்து அதை அள்ளிக்கொண்டு போக மழைக்கு மண்வெட்டியா வேண்டும்?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போனேன். "மச்சான், இதுல கல்லுப் பதிக்காதீங்க" என்று வாயைத் திறந்தேன். முற்றம் நிறையச் சொந்தமும் எங்கள் குடிச்சனமும் நிற்கிறது. "கட்டினது நீ, இரிக்கிறது நான். சீதன வீட்டுல மச்சானுக்குப் பேச்சில்ல. கத்தார்ல போய்ச் சொல்லு" என்றார். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். அப்பாவின் முப்பத்தொன்றுச் சோற்றை அந்த வீட்டில் நான் தின்னவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டேன்.

ஒன்பது வருஷ வெயிலில் கட்டிய வீடு நானா அது. எங்களில் ஆண்பிள்ளைக்கென்று வீடு கிடையாது, தாலி கட்டுகிறவளின் வீட்டுக்குப் போகவேண்டியவன். கரடியனாற்றில் எனக்குப் பேசியிருந்த பெண்ணுக்கு வீடு கட்டித்தர ஆளில்லை. தங்கச்சி வீட்டை முடித்துவிட்டு அங்கே வந்து நானே கட்டுகிறேன் என்றேன். ஆறு வருஷம் பார்த்தார்கள், வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். இப்போது எனக்கு இந்த உலகத்தில் ஒரு கூரை கிடையாது. கட்டிய கூரையின் கீழே பேச்சும் கிடையாது. பேச்சில்லாதவனிடம் வந்து கேட்டால் அவன் என்ன சொல்வான்? சிமெந்து பூசச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

இந்த மாரியும் குறைவில்லாமல் பெய்யட்டும். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. உங்களை என் கூடப்பிறந்தவராக நினைத்துக் கேட்கிறேன்.

உங்கள்,
ரதீஸ்


காத்தான்குடி,
28.08.2024

தம்பி ரதீஸுக்கு,

உன் தேகசுகத்துக்குத் துஆச் செய்கிறேன். எங்கள் பக்கம் எல்லோரும் நலம். அக்ரம் கடிதத்தையும் நீ அனுப்பிய பேரீச்சம்பழத்தையும் தந்தான்.

உன் கோபம் எனக்கு விளங்காமலில்லை. எனக்கும் அந்தக் கேட்டில் நடந்தது உண்டு. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ போன பிறகு வழக்கம்போலக் குழி திறக்க மண்வெட்டியோடு போனேன். உன் மச்சான் கேட்டைத் திறக்காமலே, "வேல இல்லாட்டி வேல உண்டாக்கிறதா மேசன்?" என்று கேட்டார். முப்பது வருஷமாக மேசன் வேலை செய்கிறேன். அப்படியொரு வார்த்தை கேட்டதில்லை. இனி அவர் வந்து கூப்பிடாமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே நான் போய்ச் சொல்லமாட்டேன், பயப்படாதே.

ஆனால் நீ எனக்கு எழுதியதில் ஒன்று குறைகிறது தம்பி. அந்த மூலை அறையில் யார் இருக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. உனக்கு மறந்திருக்காது. உன் மருமகளுக்கு அங்கே புத்தகம் வைக்கச் சுவரில் தட்டுக் கட்டிக் கொடுத்தவன் நான். அந்தச் சுவர்தான் வெடித்திருக்கிறது.

மச்சானை மடக்க வேண்டுமென்றால் வேறு வழி ஆயிரம் இருக்கிறது. மாரிக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. அதற்குள் நீயே உன் தங்கச்சிக்கு எழுது. ஒரு வரி போதும்.

உன் நலம் விரும்பும்,
நளீர்


கல்லடி,
22.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாள் எங்கள் வீட்டில் ஒரு நல்ல நாள். நீங்கள் எழுதிய மாதிரியே அம்மாவுக்கு எண்ணெய் பூசுகிறேன், நோவு கொஞ்சம் குறைவு. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சொன்னபடி சிமெந்து அடைத்துப் பெயின்றும் பூசினோம். மூன்று கிழமை நன்றாகத்தான் இருந்தது. போன வெள்ளிக்கிழமை திடீரென்று ஒரு மழை. அரை மணித்தியாலம்தான் பெய்தது. மூலையில் பீலி நிரம்பி அருவி மாதிரிச் சுவரடியில் கொட்டியது. மறுநாள் பார்த்தால் பூசிய சிமெந்து பிளந்து நிற்கிறது. இப்போது என் பெருவிரல் போகிறது. அறைக் கதவும் பூட்டுப்படவில்லை, நிலையே சரிந்துவிட்டது போலிருக்கிறது.

தக்ஷாயினி விளையாட்டாக, "அம்மா, வீடு வாய் திறக்குது" என்கிறாள். அவளை வேறு அறையில் படுக்கச் சொன்னால் புத்தகமெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று அடம்.

இவர் சொல்கிறார், பீலி இருப்பதால்தானே தண்ணீர் ஒரே இடத்தில் சேர்ந்து கொட்டுகிறது, பீலியைக் கழற்றிவிட்டால் கூரைத் தண்ணீர் நாலு பக்கமும் பரவலாக விழும், மூலைக்குப் பாரமில்லை என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் பூட்டிய பீலி. உங்களைக் கேட்காமல் கைவைக்க எனக்கு மனமில்லை. என்ன சொல்கிறீர்கள்?

உங்களிடம் வேறொன்றும் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் வரும்போது சொல்கிறேன்.

உங்கள்,
தனுஷா


தோஹா,
13.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலமே நாடுகிறேன். கடிதத்துக்குப் பதில் பிந்திவிட்டது, இங்கே வேலை அதிகம்.

மச்சான் சொன்னது சரி. பீலியைக் கழற்றிவிடு. கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் விழட்டும். அந்தக் காலத்தில் ஓலை வீடுகளுக்குப் பீலியா பூட்டினார்கள்? மாரி தொடங்குவதற்கு முன்னால் கழற்றுவது நல்லது. மச்சானே ஏறிக் கழற்றலாம், ஐந்தாறு ஆணிதான்.

படித்த மனுஷன் வீட்டில் இருக்கும்போது என்னைக் கேட்டு எழுதுவது எதற்கு என்றுதான் எனக்கு யோசனை. அவர் சொல்கிறபடி செய். வீட்டில் இருக்கிறவருக்குத்தான் வீட்டைப் பற்றித் தெரியும்.

மருமகளைக் கவனமாகப் படிக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணா


காத்தான்குடி,
30.10.2024

ரதீஸுக்கு,

உன் இரண்டாம் கடிதமும் கிடைத்தது. நான் ஒரு வரி எழுதச் சொன்னேன், நீ பீலியைக் கழற்றச் சொல்லி எழுதிவிட்டாய். அதை எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லியும் இருக்கிறாய்.

பீலி இல்லாமல் அந்த வீடு இந்த மாரியைத் தாண்டாது என்று உனக்குத் தெரியும். லீவில் வந்து என்னோடு நின்று கட்டியவன் நீ. முதல் கடிதம் வந்தபோது நானும் கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன், அதற்கு ஆண்டவன் என்னை மன்னிக்க வேண்டும். இனி என்னால் உன் கூட்டில் இருக்க ஏலாது.

உன் இரண்டு கடிதத்தையும் கிழித்துவிட்டேன். ஓட்டமாவடியில் ஒரு பள்ளிவாசல் வேலை இருக்கிறது, நாளைக்குப் போகிறேன். போகிற வழியில் உன் தாயைக் கண்டு ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் போவேன். உன்னைக் காட்டிக் கொடுக்கமாட்டேன். பிள்ளையை அந்த அறையில் படுக்கவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். கேட்டுக்கு வெளியே நின்று சொல்வேன்.

இனி எனக்கு எழுதாதே.

நளீர்


கல்லடி,
05.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் இருக்கிறோம். இந்தக் கடிதத்தை அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். இன்றைக்கே தபாலில் போட வேண்டுமென்று பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறா.

உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பீலியைக் கழற்றச் சொன்ன இடம் வந்ததும் கடிதத்தைக் கையில் வாங்கித் தானே ஒருதரம் வாசித்தா. இவர் ஏணியை எடுத்ததும், "அப்பாட ஆண்டுத் திவசம் முடியட்டும், அதுக்கு முதல் வீட்டுல ஒண்டையும் கழட்டப்படாது" என்று சொல்லிவிட்டா. ஆகவே பீலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போன கிழமை இன்னொன்றும் நடந்தது. தக்ஷாயினியின் புத்தகங்களையும் பாயையும் தானே தூக்கிக்கொண்டு வந்து முன் அறையில் போட்டுவிட்டா. பிறகு தன் கட்டிலை அந்த மூலை அறைக்கு இழுக்கச் சொன்னா. எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. "இனி நான் இஞ்சதான் படுப்பன்" என்று ஒரே பிடி. வெடித்த சுவரோடு ஒட்டித்தான் கட்டில் கிடக்கிறது. வேறு பக்கம் போடவும் விடுகிறா இல்லை.

"இப்ப அந்த அறையில அம்மா படுக்கிறா எண்டு அண்ணனுக்கு எழுது. வேறொண்டும் எழுதாத" என்கிறா. அதனால் இதோடு முடிக்கிறேன்.

தனுஷா


தோஹா,
27.11.2024

தனுஷா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. வாசித்த நேரத்திலிருந்து போன் எடுத்துக்கொண்டே இருக்கிறேன். உன் நம்பர் போகவில்லை, மச்சானுடையது போகவில்லை, நளீர் நானாவுடையதும் போகவில்லை. மட்டக்களப்பு முழுக்க வெள்ளம், கரண்ட் இல்லை என்று செய்தியில் காட்டுகிறார்கள். நாளைக்கு விமானம் ஏறுகிற ஏறாவூர் அஹமட்டிடம் இதைத் தருகிறேன். எப்படியாவது கொண்டுவந்து சேர்ப்பார்.

முதலில் அம்மாவை அந்த அறையிலிருந்து வெளியே எடு. தூக்கியாவது எடு.

பீலியைக் கழற்றாதே. நான் எழுதியது பொய். பீலியில் கிடக்கிற சருகை முழுக்க அள்ளு. முற்றத்தில், கிணற்றுக்கட்டிலிருந்து கேட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தால், மச்சான் பதித்த கல்லுக்குக் கீழே கொங்கிறீட் மூடி இருக்கிறது. கல்லை உடைத்து மூடியைத் திற. குழிக்குள் மண் நிறைந்திருக்கும், முழுக்க எடு. குழாய் வாயில் நீளக் கம்பு விட்டுக் குத்து. தண்ணீர் கானுக்குப் போகத் தொடங்கும். பிறகு நளீர் நானாவைக் கூப்பிட்டு அத்திவாரத்துக்குக் கீழே கழுவுப்பட்ட இடத்தைக் கொங்கிறீட்டால் நிரப்பச் சொல். காலில் விழுந்தாவது கூப்பிடு.

முதல் கடிதத்திலிருந்தே எனக்கு எல்லாம் தெரியும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உனக்கும் தெரியும். கல் பதித்த அன்றைக்கு நான் வாய் திறந்தேன், நீ நிலத்தைப் பார்த்தாய்.

அம்மா அந்த அறையில் இருக்கிறா என்று தெரிந்திருந்தால் முதல் கடிதத்திலேயே சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அதை அம்மாவிடம் சொல். லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், தையில் வருகிறேன்.

ரதீஸ்


கல்லடி,
18.12.2024

ரதீஸ் அண்ணாவுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள்.

அஹமட் நானா உங்கள் கடிதத்தை முப்பதாம் திகதி முழங்காலளவு தண்ணீரில் நடந்து கொண்டுவந்து தந்தார். அது வந்தபோது குழி திறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

இருபத்தாறாம் திகதி நடந்ததை எழுதுகிறேன். இரண்டு நாளாக மழை விடவில்லை. திவசம் முடிந்தும் அம்மா கழற்றவிடாத பீலி மூலையில் கொட்டிக்கொண்டே இருந்தது. சுவர் வெடிப்புக்குள் என் கை போனது. அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா, இழுத்தாலும் எழும்புகிறா இல்லை. காலையில் என்னிடம், "கடிதம் வந்திச்சா?" என்று கேட்டா. "தபால்காரர் எப்பிடியம்மா வருவார்?" என்றேன். பிறகு எழும்பி, குசினிக்குப் பின்னால் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினா. அந்த முழங்காலோடு.

இவர் பின்னால் ஓடினார். "என்ன மாமி, விசரா உங்களுக்கு?" அம்மா ஒரு கல்லில் அலவாங்கைக் குத்தி நிறுத்தினா. "நீங்க பதிச்சது. நீங்களே உடைங்க." அண்ணா, அம்மா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் உடைத்தார். மூடியைத் திறந்து கறுப்புச் சேற்றை இரண்டு மணித்தியாலம் கையால் அள்ளினார். குழாய் அடைப்பு விட்டதும் தண்ணீர் பாய்ந்த சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பீலி கொட்டுவது நின்றது.

இது எப்படித் தெரியும் என்று அம்மாவைக் கேட்டேன். நனைந்த சீலையோடு வாசலில் இருந்துகொண்டு சொன்னா. "கொப்பாவும் நளீரும் வருசம் வருசம் திறந்த குழி, எனக்குத் தெரியாம இரிக்குமா? அவன் வாயால சொல்லி, நீங்க கேட்டுச் செஞ்சா ரெண்டு பேருக்கும் பகை தீரும் எண்டுதான் அவனக் கேக்கச் சொன்னன். பீலியக் கழட்டு எண்டு எழுதினானே, அப்பதான் எனக்கு விளங்கினது. அந்தப் பீலியப் பூட்டின அண்டைக்கு, இது இல்லாட்டி வீடு நிக்காதம்மா எண்டு எனக்குச் சொன்னவன் அவன்."

நளீர் நானா வந்து பிள்ளையை மாற்றிப் படுக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதையும் அப்போதுதான் சொன்னா.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் உரத்து வாசித்தேன். அம்மா அந்த அறையில் இருக்கிறா என்று தெரிந்திருந்தால் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் என் கையைப் பிடித்தா. "அந்த வரிய இன்னொருக்கா வாசி." வாசித்தேன். பிறகு கடிதத்தை வாங்கிக்கொண்டு போய்த் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினா.

இப்போது நான் பேசுகிறேன். அன்றைக்கு நான் நிலத்தைப் பார்த்தது பிழை. ஒரு வருஷமாக அது என்னை அரித்தது. அதற்கு மன்னிப்புக் கேட்டுத்தான் இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் வந்தால் குடிச்சனத்தின் முன்னால் உங்கள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக நினைத்திருந்தேன். இவரிடம் அதற்காகச் சண்டையும் பிடித்தேன். இவர் தப்புக்கு இவர் காத்தான்குடிக்குப் போய், நளீர் நானாவின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தார். நளீர் நானா அத்திவாரத்தைப் பிடித்துக் கட்டிவிட்டார். வீடு நிற்கும்.

ஆனால் என் முதல் கடிதத்தில் என்ன எழுதினேன்? என் பிள்ளை படுக்கிற அறை, பயமாக இருக்கிறது என்று எழுதினேன். நீங்கள் அதை வாசித்துவிட்டுப் பெயின்ற் பூசச் சொன்னீர்கள். என்னை என்ன செய்திருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். உங்களிடம் கேட்க வைத்திருந்த மன்னிப்பை நான் இனிக் கேட்கமாட்டேன்.

தனுஷா


கல்லடி,
20.01.2025

மகன் ரதீஸுக்கு,

சுகமாக இருக்கிறாயா? பெற்றவள் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். எனக்கு மழையில் நனைந்த காய்ச்சல் வந்து மாறிவிட்டது. கண் மங்கல், எழுத்துக் கோணினால் பொறுத்து வாசி.

உனக்குச் செய்த அநியாயத்தை நான் மறக்கவில்லை. நீ கட்டிய வீட்டில் உனக்குப் பேச்சில்லை என்ற அன்று என் வாயும் சேர்த்துத்தான் அடைபட்டது. அப்பாவின் கிரியை நடக்கிற முற்றத்தில் சண்டை வேண்டாமென்று இருந்தேன். அது என் பிழை. மருமகனுக்கு அந்தக் கற்களை உடைக்க வைத்துத் தண்டனை கொடுத்தேன். உன் தங்கச்சிக்கு அவள் மனமே தண்டனை கொடுத்தது. கணக்கு உன்னோடுதான் மிச்சம்.

நீ அந்த வீட்டின் மேல் கோபப்பட்டிருந்தால் நான் உன் பக்கம் நின்றிருப்பேன். உன் மச்சானின் மேல் என்றாலும் நின்றிருப்பேன். நான் கட்டிலை அங்கே போட்டது எதற்கென்று நீ நினைக்கிறாய்? நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் சொல்வாயா மாட்டாயா என்று பார்க்கவில்லை. ஞாபகம் இருந்தால் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், நீ என் பிள்ளை. பீலியைக் கழற்று என்று எழுதியது கைத்தவறாக இருக்கக் கூடாதா, ஆத்திரத்தில் மறந்திருக்கக் கூடாதா என்று எனக்கொரு ஆசை. என் பெயரைக் கேட்டபிறகும் உனக்கு ஞாபகம் வராவிட்டால் மறந்துதான் போனாய் என்று நம்பிக்கொண்டு கண்ணை மூடலாம் என்று இருந்தேன். நீ ஒரு மூடி, ஒரு கம்பு விடாமல் எல்லாம் எழுதிவிட்டாய். எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. பிள்ளை படுக்கிறாள் என்பதும்.

தக்ஷாயினி இந்த மாதம் இரண்டாம் திகதி பெரியபிள்ளையானாள். அந்தச் செய்தி முதலில் தாய்மாமனுக்குப் போக வேண்டும். போக வேண்டாமென்று சொன்னவள் நான். பதினாறாம் திகதி தண்ணீர் வார்த்தோம். செங்கலடியிலிருந்து என் தமக்கையின் மகன் வந்து மாமனின் இடத்தில் நின்று, தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்த்தான். கூடப்பிறந்த மாமன் எங்கே என்று சனம் கேட்டது. லீவு கொடுக்கவில்லை என்றேன். பிள்ளையும் கேட்டாள். அவளுக்கும் அதைத்தான் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள், உனக்காக ஒரு தட்டில் பலகாரம் எடுத்துவைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை.

உனக்குத் தையில் இல்லாமல் மாசியில்தான் லீவு கிடைத்திருக்கிறது என்று அஹமட் சொன்னார். வா. வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். நீ தங்கச்சிக்கு எழுதிய மூன்று கடிதமும் என் அலுமாரியில் இருக்கின்றன. வந்த அன்றைக்கே அவற்றைத் தருவேன். தக்ஷாயினியைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, பெயின்ற் பூசச் சொன்னதையும் பீலியைக் கழற்றச் சொன்னதையும் நீயே உன் வாயால் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவள் சாப்பாடு போட்டால் சாப்பிடு.

வாசிக்க முடியாதென்றால் அங்கேயே இரு.

அம்மா,
சின்னத்தங்கம்